காற்றை எண்ணும் கம்பி

ஒவிடியோ லருட்டா பல் டாக்டர்.
எல் ஆல்டோவின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிப் பிடுங்கிச்
சேர்த்த காசில்
இக்கிகே துறைமுகத்திலிருந்து ஒரு ஜப்பான் கார் இறக்கினார்.
இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு,
ஸ்டியரிங்கை வலமிருந்து இடம் மாற்றிய தழும்பு.

இன்றைக்குக் கையில் ஓர் அட்டைப்பெட்டி:
அலுமினியக் குழாய், சிவப்புக் கூம்பு வடிகட்டி,
நாலு கிளாம்பு, ஒரு ஸ்டிக்கர்.
"பதினைந்து குதிரை கூடுமாம், நிக்கோலாசா."
கடல் மட்டத்தில் என்று அடியில் பொடி எழுத்து.
படித்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடல் இங்கிருந்து நாலாயிரம் மீட்டர் கீழே.
அதுவும் எங்கள் நாட்டில் இல்லை.
அங்கே பத்துப் பேராய் நிற்கும் காற்றில்
இந்த மேட்டுக்கு ஏறி வருவது ஆறு பேர்.
சட்டியில் இருந்தால்தானே
அகப்பை எவ்வளவு பெரிதென்று பேசலாம்.

சொல்லவில்லை.
பல் வலிக்கு அவரிடம் போனபோது
அவரும் என்னிடம் எல்லாம் சொல்லவில்லை.

பழைய பெட்டியைக் கழற்றினேன்.
கறுப்புப் பிளாஸ்டிக், பூசணி வயிறு,
கார் இழுத்த மூச்சின் இரைச்சலையெல்லாம்
தானே விழுங்கிக்கொண்டு கிடந்தது.
உள்ளே காகித வடிகட்டியின் மடிப்புகளில்
மேட்டுநிலத்துச் செம்மண், ஒரு பூச்சிச் சிறகு,
கார்னிவல் செவ்வாயன்று பானெட்டில் பீர் தெளித்துத்
தூவிய வண்ணக் காகிதப் பொட்டு ஒன்று,
இளஞ்சிவப்பு,
இன்னும் வெளுக்காமல்.

குழாய் வழியில் ஒரு கம்பி இருக்கிறது.
தலைமுடியை விட மெல்லியது.
சுடச்சுட நின்று,
தன்னைக் குளிரவைத்துக் கடக்கும் காற்றை
எண்ணிச் சொல்வது அதன் வேலை.
அது சொல்லும் கணக்குக்குத்தான் பெட்ரோல் இறங்கும்.
என் பட்டறையில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள்.

மாட்டி முடித்து முடுக்கினோம்.
அடேயப்பா, அந்தச் சத்தம்!
எதிர்க்கடையில் கோழி பொரிக்கிற செவெரோ
கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டான்.
லருட்டா சிரித்தார். மேல்வரிசை முழுதும் தெரிந்தது.
எத்தனை குதிரை என்று அவர் கேட்கவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வண்டி இருமிக்கொண்டு வந்தது.
வடிகட்டியை அழகாய்க் கழுவி
புட்டி எண்ணெயில் பாதியை அதன் தலையில் ஊற்றியிருக்கிறார்.
எண்ணெய் பறந்து கம்பியில் படிந்து
அதற்குக் கண் மறைத்துவிட்டது.
ஸ்பிரே அடித்து, தொடாமல், உலரவிட்டேன்.
இருபது பொலிவியானோ.
திட்டுக்குக் காசு வாங்கவில்லை.

நேற்று ராத்திரி போன்.
தங்கை கல்யாணத்துக்குக் கரனாவி இறங்கியிருக்கிறார்.
பின்னால் தவளை, டிரம்பெட், யாரோ அழுகிற குழந்தை.
"நிக்கோலாசா, எழுந்துவிட்டது!
மூன்றாவது கியரில் முதுகை சீட்டில் அறைகிறது!
உன் கை, உன் கைதான்!"

போனை எஞ்சினருகே நீட்டினார்.
ஈரமான, கனத்த, மரங்கள் விட்ட காற்று
அந்தக் குழாயில் கூட்டமாய் நுழைவது கேட்டது.
அலமாரியில் அவர் பெட்டியைப் பார்த்தேன்.
சாக்பீஸில் லருட்டா என்று எழுதி வைத்திருக்கிறேன்,
இதே வரிசையில் முன்னமே நான்கு பெயர்கள்.

நல்ல குழாய்தான், டாக்டர், என்றேன்.
திரும்பி ஏறும்போது மட்டும் பார்த்து வாங்க.
வளைவுக்கு ஒரு குதிரை
இறங்கிக்கொள்ளும்.