தாழ்ந்த மூலை

மதிப்பீட்டில் முதல் வரி:
"கட்டட இடிபாடு நிரப்பித் தரையைச் சமப்படுத்துதல்,
சராசரி உயரம் அறுபது சென்டிமீட்டர்."
எழுதியவள் நான்தான்.
மார்ச் மாதம்,
தரை காய்ந்து, பொய் சொல்லத் தோதாக இருந்தபோது.

புழுதிவாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்கா.
இரண்டு சறுக்குமரம், ஒன்றுக்கு ஏணி இல்லை.
ஊஞ்சலில் சங்கிலி மட்டும் ஆடும்.
எட்டு வடிவ நடைபாதை வேண்டும் என்று
நலச்சங்கத்திலிருந்து பதினொரு கையெழுத்து.
கிரிக்கெட் பையன்கள் கையெழுத்துப் போடவில்லை;
எட்டு எங்கே வரும் என்று கேட்டுவிட்டு
ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கோப்பின் அடியில் பழுத்த தாள் ஒன்று.
நஞ்சை, இருபோகம், ஏரிப் பாசனம்.
அதன்மேல் யாரோ பச்சை மையில்
"பள்ளிக்கு விடப்பட்டது."
அதற்கும் மேல் சிவப்பில்
"பள்ளி இடம் மாற்றப்பட்டது, திறந்தவெளி."
மூன்று மையிலும்
நாற்றைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ
ஒரு சொல் இல்லை.

மழைநீர்க் குழி தோண்டப் பொக்லைன் வந்தது.
ஓட்டியவர் சின்னப்பராஜ்.
முதல் வாளியில் உடைந்த ஓடு, சுண்ணாம்புக் காரை,
நடுவில் தேய்ந்த ஒரு வாசற்கல்.
இரண்டாவதில் சிலேட்டுக் குச்சிகள்,
ஒரு பிடி இருக்கும், எல்லாம் பாதி பாதியாக.
மூன்றாவதில் கறுப்பு.
விரலை விடாத,
நண்டு வளை வாசம் அடிக்கிற களிமண்.
"மேடம், இது வயல்" என்றார்,
சட்டியில் அடிப்பிடித்ததைக் கண்டவர் போல.

தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு;
கட்டிய கம்பியை மரம் விழுங்கியிருந்தது.
எடைக்குப் போடலாம் என்றார் கான்ட்ராக்டர் தணிகைவேல்.
காவலுக்கு இருக்கும் குப்பம்மாள்
கல்லெடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.
"மணி அடிச்சாச்சு, ஆட்டம் முடிஞ்சுது!"
கத்தியவன்
அடுத்த பந்தில் அவுட்டாகப் போகிறவன்.

அப்புறம் டிசம்பர்.
ஒரே இரவு. காலையில்
வடகிழக்கு மூலையில் தண்ணீர்,
வரப்புக் கட்டி நிறுத்தியது போல
நான்கு பக்கமும் நேராக.
தெரு வடிந்துவிட்டது, இது வடியவில்லை.
மதகு இருந்த திசை அதற்குத் தெரியும்.
மதகு போன செய்திதான் போய்ச் சேரவில்லை.

"இன்னும் நாற்பது லோடு, மேடம்.
மூடினால் முடிஞ்சுது."
செயலாளர் வரதகுட்டி குடைக்குள்ளிருந்து
கொசு என்றார், டெங்கு என்றார்,
பிறகு குரலைத் தாழ்த்தி,
தன் வீட்டுக் கீழ்த்தளத்தில்
இந்த வருஷம் தண்ணீர் ஏறவில்லை என்றும் சொன்னார்.

முதல் வரியை அடித்தேன்.
"வடகிழக்கு மூலை தாழ்வாகவே விடப்படும்.
கரையில் கோரை. கொசுப்புழு தின்னும் மீன்.
இறங்கப் படி ஒன்று, இருக்கும் கல்லைக் கொண்டே."
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
தணிக்கைக்கு நஞ்சை புரியாது.
"இயற்கைச் சரிவு" என்று எழுதினேன்.

விசில் வாங்க ஒதுக்கிய நூற்றிருபது ரூபாயையும் அடித்தேன்.
பூட்டும் நேரத்துக்குக் குப்பம்மாள்
தண்டவாளத்தைத் தட்டுகிறாள்.
தவளைகளைத் தவிர எல்லோரும் கிளம்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம்.
வரைபடத்தை எடுத்துப்போக வேண்டும்.
மேல்சுழி தண்ணீருக்குப் போய்விட்டதால்
எட்டு, இப்போது ஆறாகத்தான் வருகிறது.
பதினொரு பேருக்கும்
எண்ணைத்தான் சொல்கிறேன் என்று
விளக்க வேண்டியிருக்கும்.