வலது குதிகால்

நாற்பத்தொரு கிலோ அவன். நான் நாற்பத்திரண்டு.
எடை ஒத்துவந்ததால் எதிரெதிரே நிறுத்தினார்கள்.
அவ்வளவுதான் ஆரம்பம்.

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரம். அக்டோபர்.
சர்க்கரைக்கிழங்கு லாரிகள் சாலையெங்கும் மண் உதிர்த்துப் போகும் மாதம்.
பள்ளியின் கொதிகலன் அறையை ஒட்டி
நாள்பட்ட வியர்வை நாறும் மெத்தை.
வெல்டன் ரைசிக் இரண்டு கையையும் நீட்டினான்.
மறுநொடி நான்
கூரையில் ஓடும் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று.

மல்லனுக்கு எதிராளிகள் எத்தனையோ பேர் வாய்ப்பார்கள்.
தினமும் விழுந்து கொடுக்க
ஒருவன் வேண்டும்.
விழுந்தேன்.
என் இடது காது முதலில் வீங்கிக் கெட்டித்தது,
அடுத்த குளிர்காலத்தில் அவனுடைய வலது காது.
பள்ளி ஆண்டுமலர்ப் படத்தில்
இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு காலிஃபிளவர்.

ஒமாஹாவுக்குப் போன பஸ்ஸில்
காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டே வந்தான்,
மிச்சமிருந்த நூறு கிராமை.
தண்ணீரைப் பற்றி அவன் பேசிய மாதிரி
எந்தப் பெண்ணைப் பற்றியும் பேசிக் கேட்டதில்லை.
மாநிலப் பட்டம் வென்ற இரவு
இரண்டு லிட்டர் ஆரஞ்சுச் சாறு குடித்து
அத்தனையையும் என் ஷூவில் வாந்தியெடுத்தான்.

பதினொன்றாம் வகுப்பு, ஜனவரி.
எல்லோரும் போய்விட்டார்கள்.
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவன்தான் கேட்டான்.
அப்போது பார்த்தேன்:
களைத்திருக்கையில் இடப்பக்கம் இழுத்தால்
அவன் வலது குதிகால்
ஒரு கண்ணிமைப்பு முந்தியே தரையை விடுகிறது.
உள்ளே புகுந்தேன்.
அவன் தோள்கள் இரண்டும் மெத்தையில்.
இந்த முறை குழாய்களை எண்ணியது அவன்.

"ஈரம், வழுக்கிடுச்சு" என்றான்.
ஆமாம் என்றேன்.
மெத்தை காய்ந்திருந்தது.

சொல்லியிருக்கலாம்.
மடியில் முடிந்துவைத்துக்கொண்டேன்.
வேறு என்ன இருந்தது என்னிடம்?
மறுபடி ஒருநாளும் அதைச் செலவழிக்கவில்லை,
கல்லூரியில் அவனுக்கு உதவித்தொகையும்
எனக்கு அவனோடு விழும் வேலையும் கிடைத்த
அந்த நான்கு ஆண்டுகளிலும்கூட.

பிறகு அவன் தேசிய அணிக்குப் போனான்,
நான் சர்க்கரை ஆலையின் இரவு ஷிஃப்டுக்கு.
அவன் அம்மா லொரீன்
நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழிக்கும் மேசைக்குப் பின்னே
உலக வரைபடம் ஒட்டினாள்.
உலான்பாத்தர், மான்டிவிடியோ, வார்னா.
எனக்கு அவன் ஊர்களின் படம் அனுப்பவில்லை.
எடைத்தராசுகளின் படம்:
64.9. 65.0.
ஒருமுறை 65.1, கீழே ஒரு கெட்ட வார்த்தை.

வார்னாவில் வெண்கலத்துக்கான ஆட்டம்.
எங்களுக்குக் காலை பத்து மணி.
ஷிஃப்ட் முடிந்தும் வீடு போகாமல்
பார்க்கிங்கில், வண்டிக்குள், கையில் போன்.
நாலுக்கு இரண்டு என்று முன்னிலை. நாற்பது விநாடி பாக்கி.
வாயால் மூச்சு வாங்கினான்.
நீல உடைக்காரன், அஜர்பைஜான்,
அவனை இடப்பக்கம் இழுத்தான்.
"குதிகால்!" என்று கத்தினேன்
எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்,
கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்.

நாலுக்கு நாலு.
கடைசிப் புள்ளி எடுத்தவனுக்கு வெற்றி.
நான் ஐந்து ஆண்டு உருண்டு கண்டுபிடித்ததை
அவன் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

நவம்பரில் ஊருக்கு வந்தான். எழுபத்தாறு கிலோ.
நெடுஞ்சாலை உணவகத்தில்
நாலாவது பான்கேக்கின் மேல் சிரப் ஊற்றிக்கொண்டே,
தலை நிமிராமல் கேட்டான்:
"அன்னைக்கு மெத்தை ஈரமா இல்ல. இல்லையா?"

காப்பி ஊற்ற வந்த பெண் போகும்வரை காத்திருந்தேன்.
போனாள்.
இன்னும் காத்திருந்தேன்.

"ஒன்பது வருஷம்" என்றான்.
தட்டைப் பாதியாக வெட்டி என் பக்கம் தள்ளினான்.
அது மன்னிப்பா, வெறும் பசியடங்கலா, தெரியவில்லை.
தின்றேன்.

பணம் கட்ட அவன் எழுந்து நடந்தபோது
பழக்கத்தில் அவன் காலைப் பார்த்தேன்.

நான் பார்ப்பதை
அவனும் பார்த்தான்.