கடைசியாக வேலை செய்த நாள்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
கடைசியாக வேலை செய்த நாள் எது?

மேட்டூரில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே என்று
வைகாசியிலேயே பேப்பரில் படித்தேன்.
குறுவை இல்லை.
குறுவை இல்லையென்றால் கோரையாற்றுக் கரையில்
எங்கள் கொள்முதல் நிலையம் இல்லை.
நிலையம் இல்லையென்றால்
பருவகாலப் பட்டியல் எழுத்தர் உத்திராபதி என்று
ஒருத்தன் இல்லை.
யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை.
கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

களத்துச் சிமெண்டில் ஆடுகள் படுத்திருக்கின்றன.
தராசைக் குடோனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.
தகரக் கொட்டகைச் சுவரில் போன தையில்
நான் கரியால் போட்ட கணக்கு மட்டும் அழியவில்லை:
எண்ணூற்றுப் பன்னிரண்டு மூட்டை,
கிழிந்த சாக்கு ஒன்பது.

ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரர்களுக்கு
நிவாரணம் அறிவித்தார்கள்.
சிட்டா இருந்தது, அடங்கல் இருந்தது, வாங்கினார்கள்.
சரிதான், தரிசாய்க் கிடப்பது அவர்கள் வயல்.
நாங்கள் எந்த சர்வே எண்ணில் வாடினோம்?

ஒன்பது திங்கட்கிழமை திருவாரூருக்குப் பஸ் ஏறி
மனு கொடுத்த பிறகு வந்தது இந்தப் படிவம்.
பருவம் ரத்தானால் தற்காலிகத் தொழிலாளிக்கு
அறுபது நாளைக்குப் பாதிக் கூலி.
பட்டியல் எழுதிய கை என்பதால்
மற்ற பதினோரு பேருக்கும் நானே நிரப்புகிறேன்.

வேலைக்குச் சான்று கேட்டதற்குப் பக்கிரிசாமி
சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினான்.
இருபது பருவம் நாற்பது கிலோ ஏறி இறங்கிய காய்ப்பு.
காட்டும்போதே சந்தேகம் வந்து தடவிப் பார்த்தான்.
"கொஞ்சம் எளகிடுச்சுண்ணே" என்றான்,
தவணை தப்பியவன் முகத்தோடு.

தையல்நாயகி களம் கூட்டுகிறவள்.
சிந்தின நெல்லைப் புடைத்து எடுத்துப் போவாள்,
அதுதான் சம்பளம்.
எந்த ரிஜிஸ்தரிலும் பேர் கிடையாது.
பேரில்லாத கூலிக்குப் பாதி எவ்வளவு?
அவள் படிவத்தை வைத்துக்கொண்டு
ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையில் மருதவாணன் சிரித்தான்:
"மூட்டைக்கு இவ்வளவுன்னு வாங்குனீங்களே,
அதுலயும் பாதி எழுதிக் கேளு."
வாங்கினோம்தான்.
பதினோரு பேர் பங்கு பிரித்தோம்.
தையல்நாயகிக்குப் பங்கு வைத்ததில்லை.
டீ ஆடை கட்டிவிட்டது.
காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாலுகா ஆபீசில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்
ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.
"மாசி இருபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க.
அது போன பருவம்.
இந்தப் பருவத்துல வேலை செஞ்ச தேதி வேணும்."
"இந்தப் பருவம் நடக்கவே இல்லையே சார்."
"நடக்காதது எப்படிங்க ரத்தாகும்?"
கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ
அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.
"நாளைக்கு வாங்க."

நாளைக்கு வாங்க.
என் வாயில் வளர்ந்த சொல் அது.
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் ஒரு புள்ளி கூடினாலும்
மீட்டரைத் திருப்பிக் காட்டி நான் சொன்ன சொல்.
ஒருத்தி மூன்று ராத்திரி
குவியல் பக்கத்திலேயே படுத்திருந்தாள்,
தார்ப்பாய் எட்டாத மூலைக்குத்
தன் மாற்றுச் சேலையை விரித்துவிட்டு.
பில்லில் அவள் பேரை நான்தான் எழுதியிருப்பேன்.
நினைவில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
ஆற்று மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
பன்னிரண்டு படிவத்தையும் மடியில் வைத்து
மாசியை அடித்துவிட்டு
எல்லாவற்றிலும் ஒரே தேதி எழுதினேன்:
ஜூன் பன்னிரண்டு.
அணை திறந்திருக்க வேண்டிய நாள்.
அன்றைக்கு நாங்கள் எல்லோரும்
வேலைக்குத் தயாராக இருந்தோம்.
அடித்தல் திருத்தலுக்கெல்லாம் சுருக்கொப்பமும் வைத்தேன்.

தையல்நாயகியின் தாளில்
தொழில் என்று விட்டிருந்த இடத்தில்
களப் பணியாளர் என்று எழுதும்போது
மூலங்குடி வளைவில் பஸ் தூக்கிப் போட்டது.
எழுத்து கோணலாய் விழுந்தது.
அதைத் திருத்தவில்லை.