தரகன் முறை

கடலூர் ஓ.டி.யில்
மருந்துக்கடைக்கு மேல் இருக்கும் அறை
ஞாயிறு மாலை மட்டும் எங்களுடையது.
மாத்திரைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம்
நான் வரைந்த கடற்கரை.
ஆளுக்கொன்றாய் பொத்தான், கிளிஞ்சல், ஐம்பது காசு.
மாசாத்தனுக்கு
இருமல் மருந்துப் புட்டியின் மூடி.

மாசாத்தன் ஆட்டக்காரர் யாருடைய ஆளும் இல்லை.
கதை நடத்தும் என் வாயில் பிழைப்பவன்.
முகத்துவாரத்தில் மணல் எங்கே புரளும் என்று தெரிந்தவன்,
பூட்டுகளிடம் கொஞ்சிப் பேசித் திறப்பவன்,
பஞ்சம் வந்த வருடம்
பிள்ளைகளைக் கப்பலுக்கு எண்ணிக் கொடுத்தவன்.
அந்தக் கடைசி வரியை எழுதியது
ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்தில்,
குறிஞ்சிப்பாடி தாண்டுவதற்குள்.
துணைக்கு வருகிறவனிடம் கொஞ்சம் இருட்டு வேண்டாமா?

பிறகு அவனுக்கு மூக்கால் பேசும் குரல் கொடுத்தேன்.
வினை அதுதான்.
படகில் ஏறும்போதெல்லாம்
"ஐயோ, என் இடுப்பே" என்பான்.
இன்பவாணன் பாயில் உருண்டு சிரிப்பான்.
பதினோரு வாரம்.
கப்பல் கணக்கு யாருக்கும் நினைவில்லை.
எனக்கும்.

பன்னிரண்டாம் வாரம்
கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
மாசாத்தனை அடையாளம் கண்டாள்.
(அவளும் என் வாய்தான்.)
எங்கே என் பிள்ளை என்றாள்.
நான் மூக்கால் சொன்னேன்:
"எடை கம்மி அம்மணி, அதான் விலையும் கம்மி."
இன்பவாணன் சிரித்தான், பாதியில் நிறுத்தினான்.
ஹாஜிரா நடுவில் கிடந்த சிவப்பு அட்டையைத் தொட்டாள்.

அட்டையை வைத்தவன் நான்.
தொட்டால் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.
யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியத்தில்
போட்ட விதி.
நிறுத்தினேன். கேட்கவில்லை.
கீழே யாரோ ஷட்டரைத் தட்டி ஓ.ஆர்.எஸ். கேட்டார்கள்.
ஜன்னல் வழியே உப்பனாறு
வழக்கம்போல நாறியது.

ரொசாரியோவுக்கு அவசரம்:
"கொன்னுடலாம். அடுத்த சண்டையில ஒரு அம்பு."
"பூட்டு யாருடா திறப்பா?" என்றான் இன்பவாணன்.
"திருந்திட்டான்னு வச்சுக்கலாமே.
ஒரு பிள்ளையக் காப்பாத்தட்டும், சரியாப் போயிடும்."

ஹாஜிராவுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை,
அடகு நகைக்கு எடை போடுகிறவள்.
"கொல்லவும் வேணாம், திருத்தவும் வேணாம்.
அந்தத் தாளைக் குடு.
இன்னிக்கு இவன நான் பேசறேன்."

இதுவரை அவனை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
கொடுக்கும்போது என் விரல் தாளை
ஒரு கணம் விடவில்லை.
அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் மூக்கால் பேசவில்லை.
கவுண்டரில் பேசுகிற அதே குரல்.
"பெண் ஒன்று, வயது ஏழு, இடக்காது மூளி.
மூன்று மரக்கால் கம்பு.
ஆண் ஒன்று, வயது ஐந்து, இருமல் உண்டு.
ஒன்றரை.
ஆண் ஒன்று, பெயர் சொல்லமாட்டேன் என்றான்.
கணக்குக்காக நான் ஒரு பெயர் வைத்தேன்.
அந்தப் பெயர் மறக்கவில்லை அம்மா.
உங்கள் பிள்ளைதானா என்று தெரியவில்லை."

இப்போது அவள் முறை, கருவாட்டுக்காரியின் முறை.
அவளுக்கு இருப்பதோ என் வாய்.
ஒரு சொல்லும் வரவில்லை.

"நம்புறாளான்னு உருட்டிப் பாக்கலாமா?"
ரொசாரியோ இருபது முகப் பகடையை எடுத்தான்.
யாரும் ஆம் என்று சொல்லவில்லை.
உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்,
பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

எட்டரைக்குக் கடைக்காரர் சாவியோடு வந்தார்.
பொத்தானும் கிளிஞ்சலும் காசும்
அவரவர் கைக்குப் போயின.
மூடியை யாரும் எடுக்கவில்லை.
அதோடு சேர்த்தே காலண்டரை மடித்தேன்.
மடிப்பு படியவில்லை, அங்கே மட்டும் புடைத்தது.

வடலூர் பேருந்தில், ஜன்னல் பக்கம் திரும்பி,
அந்த மூக்குக் குரலை
மெல்ல ஒருமுறை முயன்று பார்த்தேன்.
பக்கத்துப் பெரியவர் கேட்டார்:
"சளியா தம்பி?"