மீன் கடையிலிருந்து பேசுகிறேன்

வராதவர்கள் பட்டியல்
செவ்வாய்க்கிழமை காலையில் என் மேசைக்கு வரும்.
கோப்பி ஆறுவதற்குள் மூன்று பேரையாவது
பிடித்துவிட வேண்டும்.
அதன் பிறகு எல்லோரும் வேலையில் இருப்பார்கள்,
அல்லது வேலையில் இருப்பதாகச் சொல்வார்கள்.

ஈசூன்காரர் முதலில் வந்தது
பெயர் கேட்காத அறைக்கு.
ஓர் எண்ணைக் கொடுத்து உட்கார வைத்தோம்.
விரல் நுனியில் ஒரு சொட்டு.
இருபது நிமிடம்
சுவரிலிருந்த தீயணைப்பு அறிவிப்பை
நான்கு மொழியிலும் படித்தார்.
சீனம் தெரியாது, அதையும் படித்தார்.
இரண்டாவது கோடு மெல்லத் தெரிந்தபோது
கேட்டது ஒன்றே:
"வீட்டு போனை யாராவது எடுத்தா
என்ன சொல்வீங்க?"

மீன் கடை என்று அவரே முடிவு செய்தார்.
வடிகட்டி வந்துவிட்டது என்றால் ரத்தப் பரிசோதனை.
தீனி வந்திருக்கிறது என்றால்
மாத்திரை தீரப் போகிறது.
இரண்டு வருடம்.
கிருமி எண்ணிக்கை இறங்கி இறங்கி
கருவிக்கே தென்படாமல் போன அன்று
"மீனெல்லாம் நல்லா இருக்கு சார்" என்றேன்.
அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.
வீட்டில் சொல்லிவிடுங்கள் என்பேன் ஒவ்வொரு முறையும்.
அடுத்த முறை என்பார்.

மே மாதம் வரவில்லை.
ஜூனிலும்.
கைப்பேசி அணைந்தே கிடந்தது.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஒன்பது நாளாய் வெறும் டப்பா.

வீட்டு எண்ணுக்கு அடித்தேன்.
பெண் குரல். பின்னால் குக்கர்.
"மீன் கடையிலிருந்து பேசுறேன்,
தீனி வந்து ரொம்ப நாளாச்சு…"

"எங்க வீட்ல மீன் தொட்டியே இல்லையே."

குக்கர் ஒரு விசில் விட்டது.
பதினோரு வருடத்தில் இப்படி மாட்டியதில்லை.
தப்பான எண் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அலமாரியில துணிக்குப் பின்னால
ஒரு டப்பா இருக்கு. காலி.
ரொம்ப நாளா நான் எண்ணிக்கிட்டுதான் வரேன்.
வேலை போனதுலேருந்து
லிப்ட் வரைக்கும்கூடப் போறதில்ல அவரு."
அடுப்பை அணைக்கும் சத்தம்.
"கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

எட்டரை என்றேன்.
வாசலில் நானே நிற்பேன் என்றும் சொன்னேன்,
அது விதியில் இல்லை.

"கூட்டிட்டு வரேன்.
அப்புறம்…
எனக்கும் ஒரு நம்பர் எடுத்து வைங்க.
பேர் எழுத வேணாம்தானே?"

வேண்டாம் என்றேன்.

கோப்பி ஆறிவிட்டது.
பட்டியலில் அடுத்தவர் தெம்பனிஸ்.
அவருக்கு நான் சைக்கிள் கடை.