மூன்று வரி

ஔலு நகரில் காலை பத்தாகியும் விடியவில்லை.
ரௌனி கெம்பைனன் திரையைப் பார்க்கிறாள்:
மூன்றாவது கோரில் மூச்சுமுட்டும் கூட்டம்,
ஏழாவது ஈயோட்டிக்கொண்டிருக்கிறது.

புதிதாய்ப் பிறந்த வேலைக்கு முன்கதை கிடையாது.
எவ்வளவு பாரம் என்று யாருக்குத் தெரியும்?
ஷெட்யூலர் ஒரு தொகையை யூகித்து எழுதுகிறது,
எழுதிய நேரத்தை மட்டும்
சுழியமாக விட்டுவிடுகிறது.

அடுத்த கணம் கணக்கு எடுத்தால்
இயந்திரம் கண்விழித்த நாள் முதலே
இது தூங்கியதாகத் தெரியும்.
தூங்குகிறவனுக்கு என்ன பாரம்?
பாதி, பாதியில் பாதி,
தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லை.
ஆளில்லாத இடம் என்று நம்பி
இன்னும் நாலு பேரை அங்கேயே ஏற்றுகிறது.

பக்கத்து மேசையில் நுக்ஸார்.
குத்தாய்சியிலிருந்து வந்து ஐந்து வாரம்.
வரி அட்டை வரவில்லையாம்,
முதல் சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது பிடித்துவிட்டார்கள்.
"என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது,
அதனால் பெரிய பணக்காரன் என்று வைத்துக்கொண்டார்கள்."
காய்ந்த ரை ரொட்டியை மெல்கிறான்.

ரௌனி சிரிக்கவில்லை.
மூன்று வரிகளை வெட்டி
பதினொரு வரி கீழே ஒட்டுகிறாள்.
எந்த வரிசை என்று முதலில் முடிவாகட்டும்.
அந்த வரிசையின் கடிகாரத்தைப் பார்.
பிறகு எழுது.

கம்பைல் ஓடுகிறது. காபி ஆறிவிட்டது.
ஏழாவது கோர் மெல்லச் சூடேறுகிறது.

யூகத்தை அவள் தொடவில்லை.
அது யூகம்தான்;
நூறு மில்லிநொடி ஓடவிட்டால்
வேலையே தன்னைச் சொல்லிவிடும்.

"வரி அலுவலகம் எத்தனை மணி வரை?"
"நாலேகால்."
ரௌனி கோட்டை எடுக்கிறாள், அவனுடையதையும்.
வெளியே இப்போதுதான்
பனிமேல் கொஞ்சம் வெளிச்சம்.