ஆறு ஸ்பிரிங்

மற்ற வண்டிகளின் கிளச் எண்ணெயில் குளிக்கும்.
இதற்கு ஒரு துளி பட்டாலும் ஆகாது,
வெறுங்காற்றில் சுற்றுகிற சாதி.
நின்ற இடத்தில் லீவரைப் பிடித்தால்
தகடுகள் தளர்ந்து ஒன்றையொன்று முட்டி
தகரப்பேணிக்குள் சில்லறை குலுக்குகிற சத்தம்.

மருதமுனையில் அது யாருக்கும் பெரிசில்லை.
மூன்று வீடு தள்ளி உவைஸின் தறிகள்
சுபஹு முடியத் தொடங்கினால் அஸர் வரை அடிக்கும்.
"உன்ட மெசினும் நெய்யுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்,
அவ்வளவுதான்.

வெள்ளி இரவு குசினிக்குப் பின்னால்
சீமெந்துத் தரையில் பழைய சாரனை விரித்து
மூடியைக் கழற்றினேன்.
சுர்மாவைப் போல மெல்லிய கரித்தூள்,
மூக்குக்குள், நகக்கண்ணுக்குள்.
தகடுகளின் காதுகள் அடித்து அடித்துக்
கூடையின் ஓரமெல்லாம் பள்ளம்.
அரத்தால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்.
பதினோராவதில் என் விரல் தேய்ந்தது.

கல்முனையில் நவரெத்தினம் லேத்தில் கடைந்து தந்த
புது அலுமினியத் தட்டு
பால்வெள்ளையாக இருந்தது.
"இதை இப்பிடியே போடப் போறீங்களா?"
ஹிஸ்மியா கேட்டாள்.
வெள்ளையாக இருக்கிற எதுவும் அவளுக்கு
இன்னும் சாயம் தோய்க்காத நூல்.

பழைய பேசின், பற்றரி அசிட், இரவல் சார்ஜர்.
முக்கால் மணித்தியாலம் தட்டைச் சுற்றிக் குமிழ்கள்.
நான் வேலிப்பக்கம் திரும்பி இருமினேன்.
அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி எடுத்ததோடு
என் பங்கு முடிந்தது.

பதின்மூன்று வருசமாகச் சாயத்தொட்டியோடு நிற்கிறவள்
மயில்நீலத்தைக் கரைத்து அடுப்பில் வைத்தாள்.
"கொதிக்க விடப்படாது. ஆவி எழும்பினாப் போதும்."
நான் வேர்னியரால் அளக்கிற மனிசன்.
அவள் ஆவியால் அளந்தாள்.
தூக்கியபோது
நேற்று உவைஸின் தறியில் ஏறிய பாவின்
அதே நீலம்.
பிறகுதான் வெறுந்தண்ணீரில் கொதிக்க விட்டாள்,
நிறம் உள்ளே பூட்டிக்கொள்ளட்டும் என்று.

நீலம் வெளியே தெரிய
மூடியில் மூன்று சன்னல் வெட்டினேன்.
வட்டமாக வரவேண்டியவை.
ஒன்று முட்டை.

ஸ்பிரிங் ஆறு. இதில்தான் நான் அறிவாளியானேன்.
ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றைக் கழற்றி
மெல்லியதாக மூன்று போட்டேன்.
தானும் ஓட்டப் பழகவேண்டும் என்று
நோன்புக்கு முன்பே சொல்லியிருந்தாள்.
பெண்கை, நோகக்கூடாது.
வாயால் சொல்லவில்லை, நினைத்தேன்.
லீவர் வெண்ணெய்.

ஞாயிறு பின்னேரம் பெரியநீலாவணை தாண்டி
மூன்றாம் கியரில் முறுக்கினேன்.
எஞ்சின் கத்தியது, வண்டி வரவில்லை,
தீய்ந்த மணம் மட்டும் கூடவே வந்தது.
கல்லாற்றுப் பாலத்தில்
ஒரு சைக்கிள் மீன்காரன் என்னை முந்திப் போனான்,
பெட்டியில் ஐஸ்தண்ணீர் சொட்டச் சொட்ட.

வீட்டில் ஹிஸ்மியா இரண்டு விரலால் லீவரை இழுத்தாள்.
"என்னத்துக்கு இவ்வளவு இளக்கம்?"
அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.
நனைந்த நூற்கழிகளை
நாளுக்கு அறுபது எழுபது முறுக்கிப் பிழிகிற கை.
அச்சாறுப் போத்தலின் மூடி திறக்காதபோதெல்லாம்
நான் யாரிடம் நீட்டினேன்?

இரவே பழைய மூன்றையும் பூட்டினேன்.
டோர்ச் பிடித்தவள்
நான் இறுக்கி முடித்த போல்ட்டை வாங்கி
இன்னும் கால் சுற்று இறுக்கினாள்.
"போதும் புள்ள, புரி போயிரும்."

காலையில், ஒழுங்கை மணலில்,
அபாயாவின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள்.
லீவரைப் பிடித்து முதல் கியர் தட்டினாள்.
சில்லறை குலுங்கியது.
தறி எது, வண்டி எது என்று தெரியவில்லை.
சன்னல்களுக்குள் நீலம் அசையாமல் நின்றது.
மெதுவாக விடு என்று சொல்ல நான் வாயெடுக்க,
விட்டாள்.
சத்தம் அடங்கியது. நீலம் சுற்றியது.
படலையில் நின்ற உவைஸ் கத்தினான்:
"டேய், அது என்ட சாரன்ட கலர்!"